லூவரில் ஒரு பின்னேரம்

பிரான்சிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம் தாய்மார் பலர், சமையலறையையும் லாச்சப்பல் கடைத்தெருவையும் மட்டும் கண்டு திரும்பிவிடுகிறார்கள். "லூவர் பார்க்கப் போவமா அம்மம்மா?" என்று பேரப்பிள்ளை கேட்டால், "எனக்கென்ன அதெல்லாம் விளங்கும்?" என்பார்கள். விளங்கும். போய்ப் பாருங்கள்.

மன்னர்களின் அரண்மனையாக இருந்த லூவர், 1793இல் பொதுமக்களுக்கான நூதனசாலையானது. இன்று ஏறத்தாழ 35,000 பொருட்கள் பார்வைக்கு உண்டு. ஒவ்வொன்றின் முன்னும் அரை நிமிடம் நின்றாலே இரவு பகலாகப் பன்னிரண்டு நாள் வேண்டும். ஆகவே மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றவை வழியில் கண்ணில் படும்.

செவ்வாய்க்கிழமை பூட்டு. புதன், வெள்ளி இரவு 9 மணிவரை திறந்திருக்கும். அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியே வசிப்போருக்கு 2026 ஜனவரியில் கட்டணம் 32 யூரோவாக உயர்ந்தது. கொஞ்சக் காசல்ல! 18 வயதுக்குக் குறைந்தோருக்கும், சான்று காட்டும் மாற்றுத்திறனாளிக்கும் அவரது துணைக்கும் இலவசம். சக்கர நாற்காலியும் இரவல் தருவார்கள். காலுக்கு இதமான சப்பாத்து கட்டாயம்.

மோனலிசா 77 சென்ரிமீற்றர் உயரமே. சனநெரிசலில் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்ச்சுவருக்குத் திரும்புங்கள். அங்கே வெரோனீசே வரைந்த கானா ஊர்க் கலியாணம், பத்து மீற்றர் அகலத்தில். பந்தி, வாத்தியக்காரர், இறைச்சி வெட்டுவோர், நாய் என்று ஒரு கலியாண வீடே இருக்கிறது. எனக்கு மோனலிசாவைவிட இதுதான் பிடிக்கும்.

மூன்றாவது, பெரிய படிக்கட்டின் உச்சியில் நிற்கும் சிறகுள்ள வெற்றித் தேவதை. கிரேக்கத்தின் சமோத்ராஸ் தீவில் 1863இல் துண்டு துண்டாகக் கிடைத்து, பொருத்தப்பட்ட சிலை. தலையில்லை, கைகளில்லை; காற்றில் ஒட்டிய உடையோடு முன்னோக்கி நிற்கிறாள். 1939 ஓகஸ்ற் இறுதியில், யுத்தம் நெருங்கியபோது, திருத்தவேலை என்று சொல்லி லூவரைப் பூட்டி, ஓவியங்களையும் சிலைகளையும் பெட்டிகளில் அடுக்கி லொறிகளில் கிராமத்து மாளிகைகளுக்கு அனுப்பினார்கள். சுவர்களில் வெறும் சட்டங்களே மிஞ்சின. பிரான்ஸ் போர்ப் பிரகடனம் செய்த செப்ரெம்பர் 3ஆம் திகதி, இவளையும் மரச்சரிவு அமைத்து அந்தப் படிக்கட்டால் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். மோனலிசா அந்த ஆண்டுகளில் பல தடவை இடம் மாறியது. இரண்டும் 1945இல் வீடு திரும்பின.

அந்தப் படிகளில் ஆறுதலாக ஏறுங்கள். லாக்கூர்நெவ் பக்கம் தங்கியிருந்தால் 7ஆம் இலக்க மெற்றோவே போதும், மாறத் தேவையில்லை.