வற்றாத கிணறும் வற்றும் நன்னீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஆறு என்று பெயருக்கு இருப்பது வழுக்கையாறு. அதுவும் மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுந்துவிடும்.

ஆனாலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செம்மண் தோட்டங்களில் கோடையிலும் செழித்து நிற்கின்றன. எல்லாம் கிணற்று நீர். அடியிலிருக்கும் சுண்ணக்கல் மழைநீரில் கரைந்து கரைந்து வெடிப்பும் குகையுமாகக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை அதற்குள் இறங்கித் தங்குகிறது.

புத்தூரை அடுத்த நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணறு இந்தச் சுண்ணக்கல்லின் பிள்ளை. இராமர் அம்பு ஊன்றிப் பிறந்த ஊற்று என்பது ஊர்க்கதை. வற்றாத கிணறு என்று பார்க்க வருவோர் பலர். மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. வந்தவர்கள் கவனிக்க வேண்டியது அந்த உப்பைத்தான்.

குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர்களின் பொதுக் கணக்கு. அதையே திருப்பிப் போட்டால் நெஞ்சு பதறும். மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். கிணறு வற்றாது; தண்ணீர் வாயில் வைக்க முடியாததாகிவிடும்.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் ஆளின் பலம் எவ்வளவோ அவ்வளவு நீர்தான் மேலே வந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. பசளையிலிருந்து இறங்கும் நைத்திரேற்று இன்னொரு கேடு.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டத்தை முன்வைத்தார். கனகராயன் ஆறு கொண்டுவரும் மாரிவெள்ளத்தை ஆனையிறவு நீரேரியில் மறித்து, முள்ளியான் வழியாகக் கால்வாய் வெட்டி, வடமராட்சி, உப்பாறு நீரேரிகளை நன்னீராக்குவது அதன் நோக்கம். நீரேரிகள் இனித்தால் பக்கத்துக் கிணறுகளும் இனிக்கும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடல்நீரைத் தடுக்கும் கதவணைகள் எழுந்தன. திட்டம் முழுமை பெறவில்லை.

பெரிய திட்டம் அரசின் கையில். ஊர்க்குளமும் கேணியும் ஊரவர் கையில்தான் இருக்கின்றன. மாரி தொடங்கும் முன் அவற்றைத் தூர்வாருங்கள். குளத்துக்கு வரும் வாய்க்காலை மறித்து மதில் கட்டாதீர்கள். கூரைத் தண்ணீரை வீதிக்கு விடாமல் வளவுக்குள்ளேயே இறங்கவிடுங்கள்.