குலை பழுத்துவிட்டதா? சிறு கணினிக்குப் பார்க்கக் கற்றுக்கொடுப்போம்

பீடோரிலிருந்து தெலுக் இந்தான் பக்கம் போனால் சாலையோரமெங்கும் செம்பனை மரங்களைப் பார்க்கலாம். பேராக்கில் முன்பு ரப்பர் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனைதான் நிற்கிறது. குலை வெட்டும் தொழிலாளி மரத்தடிக்கு வந்ததும் முதலில் தரையைப் பார்க்கிறார். உதிரிப் பழங்கள் கிடக்கின்றனவா? பிறகு அண்ணாந்து பார்க்கிறார். குலை சிவந்துவிட்டதா? சில விநாடிகளில் வெட்டுவதா, விடுவதா என்று முடிவு செய்துவிடுகிறார்.

அந்த முடிவில்தான் காசு இருக்கிறது. பழத்தின் சதையில் எண்ணெய் சேர்வது பெரும்பாலும் பழுப்பதற்கு முந்திய கடைசி வாரங்களில். அவசரப்பட்டு வெட்டினால் எண்ணெய் குறையும். வெட்டிய குலையைத் திரும்ப மரத்தில் ஒட்டவும் முடியாது. தாமதித்தால் பழங்கள் உதிர்ந்து வீணாகும். எண்ணெயில் அமிலம் கூடி அதன் தரமும் கெடும்.

இந்தப் பார்வையை ஒரு ரோபோவுக்குக் கற்றுத்தர முடியுமா? முடியும். அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. உள்ளங்கை அளவுள்ள ஒற்றைப் பலகைக் கணினி போதும். செயலி, நினைவகம், கேமரா இணைப்பு எல்லாம் ஒரே பலகையில் அடங்கியிருப்பதால் இந்தப் பெயர். 2012 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்த ராஸ்பெர்ரி பை இவற்றில் மிகவும் பிரபலமானது. 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5 நமது வேலைக்குப் பொருத்தமானது. அதில் இரண்டு கேமராக்களைப் பொருத்தலாம். தொழிலாளியைப் போலவே மேலே ஒரு கண், கீழே ஒரு கண்!

முதலில் மின்சாரம்

புதிதாகச் செய்பவர்கள் நேரே நிரலுக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் வேலை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் மின்சாரத்தால்தான். பை 5 பலகைக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் மின்வழங்கி வேண்டும். சாதாரணக் கைத்தொலைபேசி சார்ஜர் இதற்குப் போதாது.

சக்கரத்தைச் சுழற்றும் மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்சாரத்தை மிகுதியாக இழுக்கும். பலகையும் அதே பேட்டரியை நம்பியிருந்தால் மின்னழுத்தம் சரிந்து கணினி அணைந்து எழும். அந்த நேரத்தில் மைக்ரோ எஸ்டி அட்டையில் ஏதாவது எழுதிக்கொண்டிருந்தால் அதிலுள்ள கோப்புகள் கெட்டுப்போகலாம். எனவே மோட்டாருக்கு ஒரு பேட்டரி, பலகைக்கு ஒரு பேட்டரி என்று பிரித்துவிடுங்கள். ஆனால் மோட்டாரை இயக்கும் சுற்றையும் பலகையையும் கம்பியால் இணைப்பதால், இரண்டின் எதிர்முனைக் கம்பிகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது வெப்பம். செயலியின் வெப்பம் 80 பாகையைத் தாண்டினால் பலகை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மழைக்குப் பயந்து காற்றுப் புகாத பெட்டிக்குள் பூட்டிவைத்தால், நம் ஊர் வெயிலில் அது விரைவில் நடந்துவிடும். விசிறி வைத்த குளிர்விப்பான் இங்கே அவசியம்.

பிறகு கண்

பை 5இன் கேமரா இணைப்பு பழைய பலகைகளில் உள்ளதைவிடக் குறுகலானது. பழைய கேமராவுடன் வந்த பட்டைக் கம்பி பொருந்தாது. அதற்குரியதைக் கேட்டு வாங்குங்கள். இயங்குதளத்தை அட்டையில் பதிந்து, கேமரா படம் தருகிறதா என்பதை முதலில் சோதியுங்கள். அதன்பிறகு ஓப்பன்சிவி என்னும் இலவச நிரல் தொகுப்பை நிறுவலாம்.

12 மெகாபிக்சல் கேமரா இருக்கிறது என்பதற்காக முழுப் படத்தையும் அலச வேண்டியதில்லை. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட படம் அதில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்குதான். வேலை அந்த அளவுக்கு எளிதாகும். வேகம் ஏன் முக்கியம்? ரோபோ விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது, ஒரு படத்தை அலச 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை வருவதற்குள் ரோபோ 10 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். மரத்தருகே வந்ததும் நின்று பார்க்கச் செய்வதே எளிய வழி.

நிறம் செய்யும் மாயம்

நம் தோட்டங்களில் பரவலாக உள்ள இரகத்தில் காய்க்குலை கறுத்திருக்கும்; பழுத்தால் செம்மஞ்சளாகும். அப்படியானால் சிவப்பைத் தேடினால் போதுமே என்று தோன்றும். இங்குதான் கேமரா ஏமாற்றுகிறது.

ஓலைகளின் ஊடே இறங்கும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். படம் இயல்பாகத் தெரியட்டும் என்று கேமரா ஒவ்வொரு முறையும் நிறங்களைத் தானே திருத்துகிறது. இதற்கு வெள்ளைச் சமநிலை என்று பெயர். இதனால் ஒரே குலை காலையில் ஒரு நிறமாகவும் நண்பகலில் இன்னொரு நிறமாகவும் பதிவாகலாம். மனிதக் கண் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். நம் நிரல் வெறும் எண்களைத்தான் பார்க்கிறது. ஆகவே தானியங்கித் திருத்தத்தை நிறுத்துங்கள். ஒரு வெள்ளை அட்டையைத் தோட்டத்திலேயே பிடித்து அளவை நிலைநிறுத்துங்கள். ஒளி மாறும்போது அட்டையைக் காட்டி மீண்டும் அளவெடுங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஓப்பன்சிவி வழக்கமாக நிறச் சாயலை 0 முதல் 179 வரை எண்ணுகிறது. சிவப்பு இந்த வரிசையின் இரண்டு முனைகளிலும் இருக்கிறது. ஒரு முனையில் மட்டும் தேடினால் பாதிச் சிவப்பு தவறிப்போகும்.

நிறம் மட்டும் போதாது

மலேசியச் செம்பனை வாரியத்தின் தர வழிகாட்டியும் நிறத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. குலையிலிருந்து குறைந்தது 10 பழங்களாவது புதிதாக உதிர்ந்த குழிகள் இருந்தால்தான் அது பழுத்த குலை. உயரத்தில் இருக்கும் குழிகளைக் கீழேயிருந்து எண்ணுவது கடினம். தரையைப் பார்க்கும் இரண்டாவது கண் இங்கேதான் கைகொடுக்கிறது. அது உதிரிப் பழங்களை எண்ணட்டும்.

வடிவத்தை அடையாளம் காண யோலோ போன்ற கற்கும் நிரல்கள் உதவும். பெரிய கணினியில் பயிற்சி கொடுத்துவிட்டு, கற்றதை மட்டும் பலகைக்கு மாற்றலாம். பயிற்சிக்கான படங்களைக் காலையிலும் நண்பகலிலும் மழைக்குப் பின்னும் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 'பழுத்தது', 'பழுக்காதது' என்று பெயரிட அனுபவமுள்ள ஒரு வெட்டுத் தொழிலாளியை உட்காரவையுங்கள். அவர் சொல்லித்தருவதைத்தான் இயந்திரம் கற்கிறது. அவர் தவறினால் அதுவும் தவறும்.

கடைசியாக ஒன்று. சந்தேகம் வந்தால் ரோபோ என்ன செய்ய வேண்டும்? விட்டுவைத்த குலையை அடுத்த சுற்றில் வெட்டலாம். சில பழங்கள் உதிர்ந்து போகலாம், அவ்வளவுதான். காயாக வெட்டியதற்கு மாற்று இல்லை. எனவே மேற்கண்ணும் கீழ்க்கண்ணும் ஒத்துப்போனால் மட்டும் 'வெட்டலாம்' என்று சொல்லட்டும். இல்லையென்றால் மரத்தைக் குறித்துவைத்து மனிதரைக் கூப்பிடட்டும். தெரியாதபோது கேட்கும் இயந்திரத்தைத்தான் தோட்டத்துக்குள் நம்பி விடலாம்.