சூரிய அலைகளும் நமது ஆராய்ச்சித் திட்டமும்

கோடைக்கானல் மலைமீதுள்ள வானாராய்ச்சி நிலையத்தில் 1904-ஆம் ஆண்டு முதல் நூறாண்டுகளுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நமது தேசத்தின் விஞ்ஞானச் செல்வங்களுள் அது ஒன்று. கரும்புள்ளிகள் சுமார் பதினோரு ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறைவதை அப்படங்களில் தெளிவாகக் காணலாம். ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சூரியன்மீது எழுந்து தாழும் அலைகளைப் பற்றி அவற்றைக் கேட்டால் விடை கிடையாது. நாளுக்கு ஓரிரு படங்கள் எடுத்தால் ஐந்து நிமிஷத்து அலை எங்ஙனம் அகப்படும்? குறை படங்களுடையதன்று, அவற்றை எடுத்தோர் கேட்ட கேள்வி வேறு. எதைக் காண வேண்டுமென்று முன்கூட்டித் தீர்மானியாமல் எத்தனை காலம் நோக்கியிருந்தாலும் அது புலப்படாது.

அலைகளைக் காண்பதால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய 5,500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ளது. அதற்கும் மேலே, கிரகணத்தின்போது வெள்ளிய மகுடம்போல் தோன்றும் கொரோனாவோ பத்து லட்சம் டிகிரிக்கும் அதிகமான வெப்பமுடையது. அடுப்பைவிட்டு விலகிச் செல்லச் செல்லச் சூடு ஏறுகிறது என்றால் எவர் நம்புவர்? 1869-ஆம் ஆண்டுக் கிரகணத்தில் கண்ட ஒரு பச்சை ஒளிக்கோட்டைப் புதியதொரு மூலப்பொருளென்று எண்ணிக் கொரோனியம் எனப் பெயரும் சூட்டினார்கள். கடும் வெப்பத்தால் தன் எலெக்ட்ரான்களில் பாதியை இழந்த இரும்பே அது என்பது எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கிற்று. அவ்வெப்பத்தை மேலே சுமந்து செல்வது யாது? காந்தக் கோடுகள் வீணைத் தந்திபோல் அதிர்ந்து அலைகளைச் செலுத்தக்கூடும் என்று ஸ்வீடன் தேசத்து ஆல்ஃப்வேன் 1942-இல் கணித்தார். 1970-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கணிப்பதைவிடக் காண்பது கடினமாயிற்று. பூரண கிரகணம் எவ்வளவு நீண்டாலும் ஏழரை நிமிஷத்துக்குமேல் நிற்பதில்லை. 1995 அக்டோபர் 24-ஆந்தேதி நமது நாட்டில் தெரிந்த கிரகணத்தில், ஏறக்குறைய ஒரு நிமிஷப் பொழுதுக்குள், கொரோனாவின் ஒளித் துடிப்பை நம்மவர் தேடினர். குறுகிய துடிப்புகளுக்கு அது போதும்; ஐந்து நிமிஷத்து அலைக்குப் போதாது. 2007-இல் அமெரிக்காவில் செயற்கைக் கிரகணக் கருவியைக் கொண்டு கொரோனாவெங்கும் அலைகளைக் கண்டார்கள். எனினும் கண்ட சக்தி கொரோனாவைச் சூடேற்றப் போதவில்லை. 2011-இல், மேலும் நுண்ணிய விண்கலப் படங்களை ஆராய்ந்தோர் அமைதியான பகுதிகளுக்குப் போதுமான சக்தி இருக்கிறதென்றார்கள். பருமனான கருவியில் பல அலைகள் ஒன்றின்மேல் ஒன்று கலந்து மறைந்துபோகின்றன. ஆகவே கருவியின் கூர்மையே முடிவை மாற்றிவிட்டது எனலாம்.

2023 செப்டம்பர் 2-ஆந்தேதி நாம் ஏவிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இரவும் கிரகணமும் இல்லாத இடத்தில் சுற்றுகிறது. அதிலுள்ள முதன்மைக் கருவி அதே பச்சை ஒளிக்கோட்டை நோக்குகிறது. நாளுக்கு 1,440 படங்கள், அதாவது நிமிஷத்துக்கு ஒன்று, அனுப்பும் என்று ஏவுமுன் அறிவித்தார்கள். அந்தக் கணக்கில் ஐந்து நிமிஷ அலைக்கு ஐந்து படங்கள் கிட்டும். ஒரு நிமிஷ அலையோ கைநழுவும். வேகமாகப் படமெடுத்தால் ஒளி குறையும். பரந்த பரப்பை எடுத்தால் பூமிக்கு அனுப்ப வேண்டிய செய்தி பெருகும். அனைத்தையும் ஒருசேர வேண்டுவது இயலாத காரியம்.

சூரியப் புயல்களைக் கவனிப்பது அவசியந்தான். செயற்கைக் கோள்களுக்கும் மின்சாரக் கம்பிகளுக்கும் அவற்றால் ஆபத்துண்டு. ஆனால் புயலுக்காகக் காத்திருக்கும் கருவி அலையை எண்ணாது. அமைதியான நாட்களில், ஒரே சிறு பகுதியைப் பல மணி நேரம் இடைவிடாது விரைவாகப் படமெடுக்கத் தனிக் காலம் ஒதுக்க வேண்டும். அதே வேளையில் கோடைக்கானலும் உதயப்பூரும் கீழ்ப்பரப்பை நோக்கினால், கீழே கிளம்பிய அலை மேலே வந்து சேர்கிறதா, நடுவழியில் அழிகிறதா என்று அறியலாம். லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் 2 மீட்டர் ஆடியுடன் அமைக்க உத்தேசித்த சூரிய தூரதிருஷ்டிக் கண்ணாடி பல்லாண்டுகளாகத் திட்டமாகவே பேசப்பட்டு வந்தது. அதற்கான நோக்கு முறையையும் இப்பொழுதே இந்த அலைகளை மனத்திற்கொண்டு வகுப்பார்களாக.