தேவை 15 கோல், அடித்தது 16: ஹாக்கியில் அட்டாக்கா, டிஃபன்ஸா? கோவில்பட்டி பசங்க ஆடிய தொடர் சொல்லும் கணக்கு

கோவில்பட்டின்னா வெளியூர்க்காரங்களுக்குக் கடலை மிட்டாய். உள்ளூர்ல கேட்டா ஹாக்கியையும் சேர்த்துச் சொல்வாங்க. மானாவாரி வெள்ளாமையை நம்பியிருக்கும் இந்தக் கரிசல் சீமையில் அரசின் ஹாக்கி விடுதி இருக்கு, செயற்கைப் புல்தரை மைதானம் இருக்கு. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டியும் இங்கேதான் நடக்கிறது.

இந்த ஊர்க்காரர் மாரீஸ்வரன் சக்திவேல். இங்குள்ள விடுதியில் பயிற்சி பெற்றவர் அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2022-ல் தமிழகத்திலிருந்து இந்திய சீனியர் அணிக்குப் போனவர்கள் இந்த இருவர். அவர்கள் போன ஜகார்த்தா ஆசியக் கோப்பை, 'அடிச்சு ஆடணுமா, தடுத்து ஆடணுமா?' என்ற பழைய கேள்விக்கு ஒரு நல்ல பாடம்.

1-0 முன்னிலை போதாதா?

முதல் ஆட்டம் பாகிஸ்தானுடன். முதல் குவார்ட்டரிலேயே கார்த்தி கோல் அடித்துவிட்டார். அந்த 1-0 முன்னிலை கிட்டத்தட்ட கடைசி வரை தாங்கியது. ஆனால் 59-வது நிமிடத்தில் பாகிஸ்தான் சமன் செய்தது. மூன்று புள்ளி கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

ஹாக்கியில் முழுசா பின்வாங்கி ஆடுவது ஏன் ரிஸ்க்? கோலுக்கு முன்னால் இருக்கும் வட்டத்துக்குள் இருந்து அடித்தால்தான் கோல் செல்லும். அதனால் எல்லாரும் அங்கேயே கூடி நின்றால் பாதுகாப்பு என்று தோணும். ஆனால் கூட்டம் கூடக்கூட, பந்து யாராவது ஒரு டிஃபண்டரின் காலில் படும் வாய்ப்பும் கூடும். பட்டால் பெனால்டி கார்னர். அப்போது கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் தடுக்க முடியும். போதாததற்கு, ஹாக்கியில் ஆஃப்சைடு விதியும் கிடையாது. எதிரணி ஃபார்வர்ட் கோலுக்குப் பக்கத்திலேயே காத்து நிற்கலாம்.

15 கோல் எப்படித் தேவைப்பட்டது?

அடுத்து ஜப்பானிடம் இந்தியா 2-5 என்று தோற்றது. பிரிவில் முதல் இரண்டு அணிகளுக்குத்தான் 'சூப்பர் 4' சுற்றில் இடம். கடைசி நாளான மே 26 அன்று பாகிஸ்தானும் ஜப்பானிடம் 2-3 என்று தோற்றதால் கதவு கொஞ்சம் திறந்தது.

கணக்கு இதுதான். பாகிஸ்தானுக்கு 4 புள்ளி. இந்தோனேசியாவை 13-0 என்று வென்றிருந்ததால் கோல் வித்தியாசம் +12. இந்தியா கையில் இருந்ததோ 1 புள்ளி, -3. ஜெயித்தால் 4 புள்ளி வந்துவிடும். ஆனால் முன்னேற 15-0 வேணும்!

இந்தோனேசியா பலவீனமான அணிதான். இருந்தாலும் இடைவேளையில் ஸ்கோர் 6-0. மீதி 30 நிமிடத்தில் இன்னும் 9 கோல் தேவை. இந்தியா 10 அடித்தது. 16-0 வெற்றியில் கார்த்திக்கும் பங்கு உண்டு. பாகிஸ்தான் வெளியேறியது. இந்தத் தொடர்தான் தகுதிச்சுற்று என்பதால், 2023 உலகக் கோப்பை வாய்ப்பும் அவர்களுக்குப் போனது.

அப்போ அட்டாக்தான் சரியா?

அவசரப்பட வேண்டாம். சூப்பர் 4-ல் ஜப்பானை 2-1 என்று பழிதீர்த்த இந்தியா, மலேசியாவுடன் 3-3, தென் கொரியாவுடன் 4-4 என்று டிரா செய்தது. இரண்டு ஆட்டத்தில் ஏழு கோல் அடித்தும் ஜெயிக்கவில்லை. காரணம், ஏழு கோல் வாங்கியதும்தான்.

கடைசியில் மலேசியா, கொரியா, இந்தியா மூன்றுக்கும் 5 புள்ளி. கோல் வித்தியாசம் முறையே +5, +2, +1. ஒரே ஒரு கோல் குறைவால் இந்தியாவின் ஃபைனல் கனவு போச்சு. எந்தக் கணக்கு உள்ளே கூட்டி வந்ததோ, அதே கணக்குதான் வெளியேயும் அனுப்பியது.

வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே மறுபடி ஜப்பான். முதல் குவார்ட்டரில் ராஜ்குமார் பால் ஒரு கோல் அடித்தார். அதன்பிறகு இரு தரப்பிலும் கோலே விழவில்லை. 1-0, பதக்கம். பாகிஸ்தானிடம் நழுவிய அதே ஸ்கோரை இந்த முறை கடைசி நிமிடம் வரை காப்பாற்றினார்கள்.

அடுத்த முறை மேட்ச் பார்க்கும்போது

அட்டாக்கோ டிஃபன்ஸோ, அது அணியின் சுபாவம் இல்லை. ஸ்கோர், மீதி நேரம், புள்ளிப் பட்டியல் மூன்றும் சேர்ந்து சொல்லும் பதில். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துச் சுற்றினால், அது பயம் அல்ல. எதிரணிக்குப் பந்தே கிடைக்காமல் செய்வதும் தடுப்பாட்டம்தான். பந்தை விட்டுக்கொடுத்துவிட்டு வட்டத்துக்குள் ஒதுங்கினால் மட்டும் கொஞ்சம் கவலைப்படுங்க. 59-வது நிமிடம் இன்னும் பாக்கி இருக்கு.