தேகாப்பியாசத்துக்கு முகூர்த்தம் உண்டா?

அதிகாலையில் எழுந்து உலாவப் போகிறவரே தீர்க்காயுளுக்கு உரியவர் என்ற நம்பிக்கை நம்மில் பலருக்கு உண்டு. காலை தவறிவிட்டால், "நாளைக்குப் பார்த்துக்கொள்வோம்" என்று தேகாப்பியாசத்தையே தள்ளிப்போடுகிறவர்கள் அநேகர். இது எவ்வளவு தூரம் சரி?

பிரிட்டனில் 'யுகே பயோபாங்க்' என்னும் வைத்திய ஆராய்ச்சிக்கு, 2006 முதல் 2010 வரை சுமார் 5 லட்சம் பேர் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தார்கள். பிற்பாடு அவர்களில் ஒரு பகுதியினர், அசைவை அளக்கும் சிறு கருவியொன்றை ஏழு நாள் மணிக்கட்டில் அணிந்துகொண்டார்கள். இவர்களுள் 92,139 பேரைப் பற்றிய முடிவு 2023-ல் வெளியாயிற்று. ஏறக்குறைய ஏழு வருஷத்தில் 3,088 பேர் காலமாகியிருந்தார்கள்.

எந்த வேளையில் செய்தாலும் சரி, மூச்சுச் சற்று வாங்கும்படி உடலை உழைக்கவிட்டவர்களுக்கு மரண அபாயம் குறைந்தே காணப்பட்டது. அதிலும் பகல் 11 மணிக்கும் மாலை 5 மணிக்கும் இடையே பெரும்பாலும் உழைத்தவர்களுக்கும், பல வேளைகளிலும் கலந்து உழைத்தவர்களுக்கும், காலைக் கோஷ்டியாரைவிட அபாயம் குறைவாம்!

2024-ல், அதே கூட்டத்தில் உடல் பருத்தவர்கள் 29,836 பேரை மட்டும் எடுத்துக்கொண்டு சிட்னி சர்வகலாசாலையார் ஆராய்ந்தார்கள். மாலை 6 மணிக்குப் பின் உழைத்தவர்களுக்கே அபாயம் மிகக் குறைவு என்று அதில் கண்டது.

ஒன்று பகலைச் சொல்கிறது. மற்றொன்று இரவைச் சொல்கிறது. ஆகவே முகூர்த்தம் இதுதான் என்று யாரும் அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. மேலும், பகலில் ஓய்வு கிடைப்பவரின் வாழ்க்கை நிலையே வேறாக இருக்கலாம். பலன் வேளையினாலா, நிலையினாலா என்று இவ்வகை ஆராய்ச்சி தனியே பிரித்துக் காட்டிவிடாது. பிரிட்டனின் நடுப்பகலை நம் சித்திரை வெயிலோடு ஒப்பிடுவதும் ஆபத்து.

ஆனால் வேளை எதுவாயினும் பலன் உண்டு என்பது தெளிவு. நம் இல்லங்களில் காலை நேரம் முழுவதும் அடுப்படிக்கே உரியதாகிவிட்ட தாய்மார்களுக்கு இது நல்ல செய்தி. விளக்கேற்றிய பின் அரைமணி விரைந்து நடந்துவர அவர்களுக்கு அவகாசம் செய்து கொடுப்பது வீட்டிலுள்ள மற்றவர்களின் கடமை.