பட்டியலில் இல்லாத பெயர்

2014 ஜூலையில், ஐஎஸ்எல் கால்பந்துக்கான முதல் வீரர் தேர்வு மும்பையில் நடந்தது. அதில் தேர்வானவர்களில் யார் இந்திய அணிக்குப் போவார்?

கேரளா பிளாஸ்டர்ஸ் எடுத்த சந்தேஷ் ஜிங்கனுக்கு அப்போதுதான் வயது 21 நிறைந்திருந்தது. முதல் சீசனிலேயே வளரும் வீரர் விருதைத் தட்டிச் சென்றார். 2015 மார்ச் 12, குவாஹாட்டி: நேபாளத்துக்கு எதிராக இந்தியச் சட்டையில் களமிறங்கினார். தேர்வாகி எட்டே மாதம்!

எல்லோருக்கும் வழி இத்தனை நேராக அமையாது. திருவனந்தபுரம் வெட்டுக்காடு கடற்கரைக்காரர் ஜோபி ஜஸ்டின் வந்தது மின்வாரிய அணி வழியாக. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்காக 2018-19 ஐ-லீகில் 9 கோல் போட்டார். அதன் பிறகுதான், 2019இல், பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சின் தேசிய முகாமுக்கு அழைப்பு வந்தது.