செல்போனில் வளையும் சிலம்பக் கம்பு

மாவட்ட அளவிலான சிலம்பம், கராத்தே போட்டிகள் பல நடப்பது கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூட அரங்கிலோதான். போட்டி முடிந்ததும் பெற்றோர் செல்போனைத் திறந்து பார்த்தால், பிள்ளை கையில் இருந்த நேரான கம்பு படத்தில் வில்லாக வளைந்திருக்கும். ஒரு படம் பளிச்சென்றும், அதே இடத்தில் அடுத்த கணம் எடுத்தது மங்கலாகவும் மஞ்சளடித்தும் இருக்கும். பழி போன் மேல் விழும். ஆனால் லட்ச ரூபாய்க் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வரும் பத்திரிகைப் புகைப்படக்காரர்களும் உள்ளரங்கம் என்றால் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.

முதல் தொல்லை வெளிச்சத்தின் அளவு. உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1 லட்சம் லக்ஸ். நல்ல விளக்குகள் போட்ட அரங்கத்தில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தாலே பெரிது. கண் தன்னைப் பழக்கிக்கொள்வதால் இருநூறு மடங்கு வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. சென்சாருக்கு உறைக்கும். ஒளி குறைந்தால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டும். சண்டைக் கலையில் கிடைக்காதது அந்த நேரம்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பு ஐந்தடி. நடுவில் பிடித்து நொடிக்கு மூன்று சுற்று சுற்றுகிறார் ஒருவர். கம்பின் நுனி நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால் அதற்குள் நுனி 11 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் விசிறி மாதிரி ஒரு கலங்கல்தான் விழும். 1/500 என்றால் சுமார் 3 சென்டிமீட்டர். கம்பின் பருமனோ ஓர் அங்குலம் அளவுதான். தன் பருமனைவிட அதிகம் நகர்ந்த நுனி கண்ணாடி போலாகி, பின்னால் இருப்பது அதனூடே தெரியும். 1/1000 வைத்தால்தான் நுனி கம்பாகத் தெரியும்.

அப்படி உறைய வைக்கத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. துல்லியமாக உறைந்த கம்பைப் பார்த்தால், ஆடுபவர் அதைச் சும்மா பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தது போலிருக்கும். என் விருப்பம், முகம் தெளிவாக இருக்க வேண்டும், நுனி கொஞ்சம் கரைய வேண்டும். சிலம்பத்துக்கு 1/500 போதும் என்பேன். கராத்தே, டேக்வாண்டோ உதைகளுக்கு 1/800க்குக் கீழே இறங்க மனம் வராது.

அளவுக்கு அடுத்தது, விளக்கின் துடிப்பு. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்று திசை மாறி மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம் என்பதால், பழைய சோக்கு மாட்டிய டியூப்லைட்டும் பெரிய அரங்கங்களில் தொங்கும் மெட்டல் ஹாலைடு விளக்கும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகின்றன. மலிவான எல்.இ.டி. விளக்குகளும் அப்படித்தான். 1/1000 நொடி ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. உச்சத்தில் சிக்கினால் பளிச். பள்ளத்தில் சிக்கினால் இருட்டு. மெட்டல் ஹாலைடில் இறங்கும்போது நிறமும் மாறும், அந்த மஞ்சள் அப்படி வந்தது. விளக்குகளை மூன்று ஃபேஸிலும் பிரித்து இணைத்திருந்தால் ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி, துடிப்பு பெருமளவு அடங்கிவிடும். கல்யாண மண்டபத்து எலக்ட்ரீஷியன் அதை நினைத்து ஒயர் இழுத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. போனில் ஸ்லோமோஷன் வைத்து மேலே காட்டினால் போதும், விளக்கு துடிக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இனி வளைந்த கம்புக்கு வருவோம். செல்போன் சென்சார் காட்சியை ஒரே வீச்சில் எடுப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி ஒவ்வொரு வரியாக வாசித்துக் கீழே வருகிறது. இதற்கு 1/30 நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், நம் மூன்று சுற்றுக் கம்பு அதற்குள் 36 டிகிரி திரும்பியிருக்கும். மேல் வரிகளில் பதிந்த கம்பு ஒரு கோணத்தில், கீழ் வரிகளில் பதிந்தது இன்னொரு கோணத்தில். எல்லாம் ஒட்டிய பிறகு நேர்கம்பு வில்லாகிவிடுகிறது. (சுருள்வாள் எடுத்தால் இந்தக் கவலை இல்லை. அது எப்படி வளைந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை.) விளக்கின் துடிப்பும் இதோடு சேர்ந்தால் படத்தின் குறுக்கே வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை என்று வரி விழும்.

பெரிய கேமராவில் உள்ள எந்திர ஷட்டர் இந்த விஷயத்தில் தேவலாம். அதில் இரண்டு திரைகள் உண்டு. 1/250க்கு மேல் வேகம் போனால் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, நடுவில் ஒரு மெல்லிய பிளவாகச் சென்சாரைக் கடக்கும். கடக்க நொடியில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்கே ஆவதால் கம்பு திரும்புவது மூன்று நான்கு டிகிரிதான். 2014-இல் வந்த கேனான் ஈஓஎஸ் 7டி மார்க் 2, விளக்கின் துடிப்பை அளந்து உச்சம் வரும் வரை ஷட்டரைக் கணநேரம் பிடித்து வைக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இன்று பல கேமராக்களில் அது உண்டு. அரங்கத்துக்குள் நுழைந்ததும் முடுக்கிவிட வேண்டியது அதைத்தான். 2023-இல் சோனி அறிவித்த ஏ9 மார்க் 3 எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் எடுக்கிறது. கம்பு வளையாது, விலையைக் கேட்டால் நமக்குத்தான் முதுகு வளையும்.

விளக்குக்கு இருப்பதுபோல உடம்புக்கும் ஓர் உச்சம் உண்டு. பாய்ந்து உதைப்பவர் மேலே போய்க் கீழே திரும்பும் இடத்தில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்த உச்சிக்கு முன்னும் பின்னும் பத்தில் ஒரு பங்கு நொடி வரை உடல் 5 சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. முழுதாக நீண்ட காலும் திரும்ப மடங்குமுன் ஒரு கணம் நிற்கும். அங்கே பிடித்தால் 1/320கூடப் போதும். ஆனால் உதையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் காலம் கடந்துவிடும். கண் பார்த்து விரல் அசையவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமராவும் இரண்டு படங்களுக்கு நடுவே உதையைத் தவறவிடக்கூடும். பார்க்க வேண்டியது காலை அல்ல, இடுப்பை. உதைக்குமுன் இடுப்பு திரும்பும், ஊன்றிய பாதம் திருகும். அப்போதே விரல் இறங்க வேண்டும். ஆட்டம் தெரிந்தவர் எடுத்த படம் தனியாகத் தெரிவது இதனால்தான்.

லென்ஸ் விஷயத்தில் 70-200 மில்லிமீட்டர், எஃப் 2.8 தொழில்காரர்களின் ஆயுதம். கனமும் விலையும் அதிகம். 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 அதைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான ஒளியை விடும், விலையும் மலிவு. ஒரு சிக்கல் உண்டு. ஐந்து மீட்டர் தூரத்தில் முழுஅளவுச் சென்சாரில் அது தெளிவாகக் காட்டும் ஆழம் ஒரு முழத்துக்கும் குறைவு. ஒருவர் முகம் தெளிவாக இருந்தால், தூரம் கூடி நிற்கும் எதிராளி மங்கிவிடுவார்.

ஒளி அளவைக் கேமராவின் தானியங்கி முறைக்கு விடக் கூடாது. வெள்ளைக் கராத்தே உடையை அது சாம்பல் என்று எண்ணிக்கொண்டு இருட்டடித்துவிடும். மேடைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் இன்னும் மோசம். எஃப் 2.8, 1/800, ஒளியுணர்திறன் (ஐ.எஸ்.ஓ.) 6400 என்று கையாலேயே வைத்துவிட்டு, அந்த வெள்ளை உடையைக் கொண்டே நிறத்தையும் சரிசெய்துகொள்ளலாம். தரையில் கிடக்கும் சிவப்பு நீல விரிப்பிலிருந்து தாடைக்கடியில் ஏறும் சாயத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. ஐ.எஸ்.ஓ. கூடினால் படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியது போலாகும் என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள் உண்டு. புள்ளிகளைக் கணினியில் பின்னால் குறைக்கலாம். கலங்கிய முகத்தை மீட்க வழியில்லை.

ஃபிளாஷ் அடிப்பதைப் போட்டிகளில் பொதுவாக அனுமதிப்பதில்லை. உதையைத் தடுக்கக் கை தூக்குபவரின் கண்ணில் ஒளி அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் அது நியாயம்தான். ஃபிளாஷ் இல்லாமலே அசைவைப் படம்பிடித்த புகைப்படக்காரர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட உடலசைவுப் படத் தொகுப்பில் மல்யுத்தம், குத்துச்சண்டை, வாள்சண்டை எல்லாம் உண்டு. அவருக்கு வாய்த்தது வெயில்.

கடைசியில் உட்காரும் இடம். நின்றுகொண்டு எடுத்தால் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளும் விரிப்பும்தான் விழும். முழங்கால் உயரத்துக்கு இறங்கினால் உதைக்கு உயரம் கிடைக்கும், பின்னணியில் இருண்ட சுவர் கிடைக்கும். விரிப்பின் மூலை நல்ல இடம். இருவரில் ஒருவர் முகமாவது தெரியும். கம்புச் சண்டையில் நடுவர் அடிக்கடி குறுக்கே வருவார். முதல் இரண்டு ஆட்டங்களைக் கேமராவைத் தொடாமல் பார்த்தால் அவர் எந்தப் பக்கமாகச் சுற்றி வருகிறார் என்பது பிடிபட்டுவிடும்.